வாள்சண்டை ஏன் இப்படிக் கஷ்டமாக இருக்கிறது? கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருகோணமலையில் என்.சி. வீதிக்குக் கிட்ட ஒரு சின்ன கேம் கடை நடத்துகிறேன். மணித்தியாலக் கணக்கில் விளையாடலாம். கொன்ட்ரோலர் பழுதானால் கழற்றிப் பார்த்துத் தருவேன். வருகிறவர்களில் அரைவாசிப் பேர் பந்தடிக்கவும் துவக்குச் சூடு நடத்தவும் வருகிறவர்கள். அவர்களுக்குக் கேள்வி கிடையாது, சத்தம்தான். மற்ற அரைவாசி வாள், கேடயம், டிராகன், சூனியக்காரி என்று கற்பனை உலகத்து ரோல் பிளேயிங் கேம் விளையாடுகிற கூட்டம். கேள்வியெல்லாம் இவர்களிடமிருந்துதான், அதுவும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள். எழுதி வைத்துவிட்டால் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

அண்ணா, எல்டன் ரிங் தொடங்கி வெளியே வந்த உடனேயே தங்கக் கவசம் போட்ட குதிரைவீரன் ஒருவன் கொன்றுவிட்டான். எனக்கு இந்த கேம் சரிவராதா?

சரிவரும். அவன் பெயர் ட்ரீ சென்டினல். வாசலிலேயே அவனை நிறுத்தி வைத்ததற்குக் காரணம், வெல்ல முடியாத ஆளைக் கண்டால் விலகிப் போகலாம் என்பதை முதல் பத்து நிமிடத்திலேயே உங்களுக்கு விளங்கவைப்பது. சுற்றிக்கொண்டு போங்கள். குதிரை கிடைத்து, ஆயுதத்தையும் கொஞ்சம் மேம்படுத்திய பிறகு வந்து கணக்கைத் தீர்க்கலாம்.

எல்டன் ரிங்கைச் செய்த ஃபுரொம்சொஃப்ட்வெயர் நிறுவனத்துக்கு இது பழைய பழக்கம். 2011இல் வந்த டார்க் சோல்ஸின் முதல் பொஸ், அதாவது முதல் பெரிய எதிரி, அசைலம் டீமன். அவனை முதன்முதல் சந்திக்கும்போது உங்கள் கையில் இருப்பது முறிந்த வாளின் பிடி மட்டும். குத்திப் பார்த்தால் அவனுக்கு உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஹெல்த் கோடு குறைந்ததா என்று கண்ணைச் சுருக்கித் தேட வேண்டும். மண்டபத்தின் ஒரு பக்கத்தில் கதவு திறந்திருக்கும். அதால் ஓடித் தப்பி, ஒழுங்கான ஆயுதம் எடுத்துக்கொண்டு, மேலே இருந்து அவன் தலையில் குதித்துக் குத்தினால் கோட்டில் பெரிய துண்டு ஒன்று போய்விடும். ஓடுவது, சுற்றி வருவது, உயரத்தைப் பயன்படுத்துவது என்று அந்த கேமுக்குத் தேவையான பாதிப் பாடம் அந்த ஒரு மண்டபத்திலேயே முடிந்துவிடும்.

எந்த டிஃபிகல்ட்டியில் வைத்து விளையாடினால் நல்லது?

கேமைப் பொறுத்தது. ஸ்கைரிமை எடுப்போம். 2011 நவம்பரில் வந்தது, இன்னும் என் கடையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடெப்ட் என்ற நடு நிலையில் எல்லாம் உள்ளபடி இருக்கும். 2013இல் சேர்த்த லெஜண்டரி நிலையில் நீங்கள் கொடுக்கும் டமேஜ், அதாவது ஒரு அடியில் குறையும் ஹெல்த், கால்வாசியாகும், வாங்கும் டமேஜ் மூன்று மடங்காகும். கவசத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். உங்கள் வாளுக்கு 20 டமேஜ், எதிரிக்கு 100 ஹெல்த். அடெப்டில் 5 வெட்டு, லெஜண்டரியில் 20 வெட்டு. அவனுடைய வாளும் 20 என்றால் உங்கள் 100 ஹெல்த் அடெப்டில் ஐந்தாவது அடியில் முடியும், லெஜண்டரியில் இரண்டாவது அடியில்.

மாறாதது எது என்று பாருங்கள். அந்தக் கொள்ளைக்காரன் அதே மாதிரி ஓடி வருகிறான், கோடரியை அதே மாதிரி ஓங்குகிறான், அடித்த பிறகு அதே மாதிரி மூச்சு வாங்குகிறான். புதிதாக ஒரு அடிகூட அவன் படிக்கவில்லை. ஐந்து தரம் செய்ததை இருபது தரம் செய்யச் சொன்னால் அது அலுப்பு. லெஜண்டரியில் தொடங்கும் வாள்வீரர்களை நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். எல்லோரும் கடைசியில் இருட்டுக்குள் குந்தியிருந்து அம்பு விடுகிறவர்களாகத்தான் முடிகிறார்கள். அடெப்ட், கூடினால் எக்ஸ்பர்ட். அதற்கு மேல் வேண்டாம் என்பேன்.

2006இன் ஒப்லிவியனில் வேறு கூத்து. உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். முப்பதாவது லெவலில் தெருவில் மறித்து 100 காசு கேட்கும் வழிப்பறிக்காரன், அந்தக் காசைப்போலப் பல மடங்கு விலையுள்ள கண்ணாடிக் கவசத்தைப் போட்டுக்கொண்டு நிற்பான். அதை விற்றுவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதானே?

அப்படியென்றால் நல்ல கஷ்டம் என்று எதைச் சொல்வீர்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கதைக்க ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதிரி அடிக்கப் போவதை எப்படிக் காட்டுகிறான், எவ்வளவு நேரம் காட்டுகிறான், அதைத் தவறவிட்டால் நீங்கள் என்ன விலை கொடுக்கிறீர்கள். வாள்சண்டையின் கஷ்டம் முழுக்க இந்த மூன்றுக்குள்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஹெல்த் கோட்டின் நீளத்தை எல்லாவற்றுக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்த வெட்டுக்கும் மூன்று பகுதி உண்டு. முதலில் ஓங்குவது, அந்த நேரத்தில் யாருக்கும் காயம் வராது, ஆனால் வரப்போவது தெரியும். அடுத்தது வெட்டு இறங்கும் கணம். ஆயுதத்துக்கு உண்மையில் கூர் இருப்பது இந்தச் சில ஃபிரேம்களில், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் சில படங்களில், மட்டும். பிறகு மீளுவது, ஆள் நிலைக்குத் திரும்பும்வரை எதுவும் செய்ய முடியாமல் நிற்பான். உங்களுடைய வெட்டுக்கும் இதே மூன்றுதான். பட்டனை அமத்திவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. 2004இல் தொடங்கிய மொன்ஸ்டர் ஹன்டர், 2009இன் டீமன்ஸ் சோல்ஸ் எல்லாம் இந்த 'எடுத்த அடியை முடித்தே ஆக வேண்டும்' என்ற கட்டுப்பாட்டின் மேல் கட்டியவை. அவன் மீளும் நேரத்துக்குள் உங்கள் ஓங்குதலும் வெட்டும் அடங்க வேண்டும். அடங்கினால் அடியுங்கள். அடங்காது என்றால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

எல்டன் ரிங்கில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் மார்கிட்டைப் பாருங்கள். கோட்டை வாசல் பாலத்தில் தடியோடு நிற்கும் கிழவன். தடியைத் தலைக்கு மேலே தூக்குகிறான். அடிக்குத் தப்ப நீங்கள் தரையில் உருளுகிறீர்கள். தடி இன்னும் மேலேயே இருக்கிறது. உருண்டு முடித்து நீங்கள் எழும்பும் நேரம் பார்த்து அது இறங்குகிறது. அவன் ஏமாற்றுகிறான் என்று பொடியன்கள் கத்துவார்கள். ஏமாற்றவில்லை. தடியைத் தூக்குவது உங்களைப் பயமுறுத்த; இறங்கப்போகும்போது தோளும் உடம்பும் முன்னால் சரியும், அதுதான் உண்மையான அறிவிப்பு. தடியைப் பார்க்காமல் தோளைப் பாருங்கள். ஒருநாள் கடையில் ஒரு தம்பியை அடிக்கவே விடாமல், தப்புவது மட்டும்தான் வேலை என்று சொல்லி உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் வாய்விட்டு எண்ணத் தொடங்கிவிட்டான்: "தூக்கிறான்... தூக்கிறான்... இப்ப!" அதற்குப் பிறகு மார்கிட் அவனுக்குப் பெரிய வேலை வைக்கவில்லை.

அதே ஆளை வேறு வழியாலும் மடக்கலாம். மேர்க்வோட்டர் குகையில் பட்ச்சஸ் என்ற கள்ளனிடம் 5,000 ரூனுக்கு (ரூன்தான் அந்த கேமின் காசு) மார்கிட்டைக் கட்டிப்போடும் இரும்பு விலங்கு ஒன்று விற்பனைக்கு உண்டு. அதைப் பயன்படுத்தினால் சண்டையின் முதல் பகுதியில் மார்கிட் கொஞ்ச நேரம் தரையோடு ஒட்டிக்கொள்வான். கேமைச் செய்தவர்களே வைத்த குறுக்குவழி, வெட்கப்பட ஒன்றுமில்லை.

நான் சரியான நேரத்தில்தான் அமத்துகிறேன். ஆனாலும் அடி விழுகிறது. கேம் பிழையா?

சில நேரம் உங்கள் டிவி பிழை.

ஒரு காட்சியைக் கண்டு கை அசைய சாதாரண மனிதனுக்குக் கால் செக்கன் அளவில் ஆகும். செக்கனுக்கு 60 ஃபிரேமில் ஓடும் கேமில் அது 15 ஃபிரேம். இதற்கு மேல் டிவி தன் பங்குக்குப் படத்தை மினுக்கி, மெருகேற்றிக் காட்டுகிறேன் என்று செக்கனில் பத்தில் ஒரு பங்கை விழுங்கினால், நீங்கள் காண்பது ஏற்கனவே நடந்து முடிந்த சண்டை. டிவியின் மெனுவில் 'கேம் மோட்' என்று இருந்தால் போடுங்கள். வீட்டில் முடியாமல் கடைக்கு வந்து ஒரே அமர்வில் பொஸ்ஸை முடித்தவர்கள் உண்டு. கடையில் மந்திரம் ஒன்றுமில்லை, மொனிட்டர் இருக்கிறது.

இரண்டாவது காரணம் பதற்றம். எல்டன் ரிங் நீங்கள் அமத்தியதை ஞாபகம் வைத்திருந்து, கையிலுள்ள அசைவு முடிந்ததும் செய்யும். அடி வாங்கும் நேரத்தில் உருளும் பட்டனை மூன்று தரம் குத்தினால், எழும்பியதும் தேவையில்லாத நேரத்தில் ஒருக்கா உருளுவீர்கள், அடுத்த அடிக்குள்ளேயே போய் விழுவீர்கள். ஒரு தரம் அமத்துங்கள், போதும்.

மூன்றாவது, உருளும்போது உங்களுக்குக் காயம் வராத சில ஃபிரேம்கள் மட்டுமே உண்டு, அவை உருளலின் தொடக்கத்திலேயே வந்து முடிந்துவிடும். டார்க் சோல்ஸ் 2இல் இதை அடப்டபிலிட்டி என்ற புள்ளியோடு கட்டி வைத்தார்கள். அந்தப் புள்ளியைக் கூட்டாதவனுக்கு உருளலே வேலை செய்யாததுபோல இருக்கும். மோசமான யோசனை, அடுத்த பாகத்தில் எடுத்துவிட்டார்கள். அதே டார்க் சோல்ஸ் 2இல் இன்னொரு வேடிக்கை: கணினியில் 60 ஃபிரேமில் ஓடியபோது ஆயுதங்கள் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தன. 2014இல் வந்த கேமுக்கு 2015இல்தான் திருத்தம் வந்தது.

நாலாவது நம்ம ஊர்க் காரணம். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று கொன்ட்ரோலரைச் சும்மா விடாது. பட்டன் ஒருக்கா வேலை செய்து ஒருக்கா விடுகிறது என்றால் உங்கள் கையைக் குறை சொல்லாமல் அதைத் திறந்து துடையுங்கள்.

கேடயமா, உருளுவதா?

தொடங்குகிறவருக்குக் கேடயம். கேடயம் பிடித்துக்கொண்டு எதிரியின் அடிகளைப் பார்த்துப் படிக்கலாம். உருளுகிறவருக்கு அந்த ஓய்வு இல்லை. ஈட்டியோடு சேர்த்தால் கேடயத்தை இறக்காமலே குத்தலாம். எல்டன் ரிங்கில் தடுத்த உடனே பலத்த அடியை அமத்தினால் திருப்பி அடிக்கும் ஒரு நல்ல வசதியும் இருக்கிறது. பிளட்போர்ன் போய்விட்டால் மட்டும் இந்தப் பழக்கத்தை வீட்டில் விட்டுவிடுங்கள். 2015இன் அந்த கேமில் கேடயத்தை நம்பி இருக்க வழியில்லை. இழந்த ஹெல்த்தைச் சுடச்சுடத் திருப்பி அடித்து மீட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள், ஆகவே பின்வாங்குகிறவனுக்குத்தான் நட்டம்.

சுமையைப் பாருங்கள். எல்டன் ரிங்கில் தாங்கக்கூடிய எடையில் 30 வீதத்துக்குள் இருந்தால் லேசாக உருளலாம், 70 வீதத்துக்குள் நடுத்தரம், அதற்கு மேல் போனால் மூட்டை விழுவதுபோல விழுவீர்கள். 100ஐத் தாண்டினால் உருளவே முடியாது. கவசம் வடிவாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வந்து, உருளல் வேலை செய்யவில்லை என்று முறையிடுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருவார்கள்.

பழைய மொரோவிண்டில் நண்டு ஒன்றை வெட்டுகிறேன், வாள் அதன் முதுகுக்குள்ளேயே போகிறது, ஆனால் படவில்லை என்கிறது. என்ன நானா இது?

கிண்ணியாவிலிருந்து வரும் தம்பி ஒருவரின் கேள்வி ('நானா' என்றால் அண்ணா). நியாயமான கோபம்.

2002இல் வந்த மொரோவிண்ட் திரையில் வாள்சண்டையைக் காட்டினாலும் உள்ளே தாயக்கட்டை உருட்டுகிறது. 1974இல் தொடங்கிய டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் வழக்கம் அது. ஆயுதத் திறனோடு சுறுசுறுப்பின் ஐந்திலொரு பங்கையும் அதிர்ஷ்டத்தின் பத்திலொரு பங்கையும் கூட்டி, களைப்பைப் பொறுத்து 0.75க்கும் 1.25க்கும் இடையில் ஒரு எண்ணால் பெருக்கும். திறன் 20, சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40 என்றால் கூட்டுத்தொகை 32. களைப்பில்லாமல் நின்று அடித்தால் நூற்றுக்கு 40 தரம் படலாம். ஊர் முழுக்க ஓடிக் களைத்து வந்து அடித்தால் 24. எதிரி விலகும் திறனை இதிலிருந்தும் கழிப்பார்கள். நண்டு சிரிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே மொரோவிண்டில் சண்டைக்கு முன் ஓடாதீர்கள், நடந்து போங்கள். ஆளை உருவாக்கும்போது ஒரு ஆயுதத்தை முக்கியத் திறனாக எடுத்து, அந்த ஆயுதத்தையே பிடியுங்கள். குத்துவாள் திறன் உள்ளவன் கோடரி தூக்கினால் இரவு முழுக்கக் காற்றைத்தான் வெட்டுவான்.

லெவல் ஏறினால் பலமாக வேண்டியது கேமில் வரும் ஆளா, விளையாடுகிற நானா?

இது பழைய சண்டை. மொரோவிண்ட் 'ஆள்' என்று சொன்னது. 2019இன் செகிரோ கிட்டத்தட்ட முழுக்க 'நீங்கள்' என்கிறது. அதில் விதவிதமான ஆயுதம் சேர்ப்பதும் இல்லை, புள்ளிகளைப் பிரித்துப் போடுவதும் இல்லை. எதிரியின் வாளைச் சரியான கணத்தில் தட்டத் தட்ட அவன் நிலைகுலையும் கோடு நிரம்பும். நிரம்பினால் ஒரே குத்து. முதல் நாள் கெஞ்சவைத்த ஆளைக் கடைசியில் சாப்பிட்டுக்கொண்டே வெல்கிறீர்கள் என்றால், கூடியது பெரும்பாலும் உங்கள் கைதான்.

எனக்குப் பிடித்த பதில் இரண்டுக்கும் நடுவில், 2001இன் கோதிக்கில் இருக்கிறது. ஜெர்மனியின் பிரானியா பைட்ஸ் செய்தது. தொடக்கத்தில் உங்கள் ஆள் ஒரு கை வாளை இரண்டு கையாலும் விறகு கொத்துகிறவன்போலப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஊருக்குள் வாள் படிப்பிக்கிறவனைத் தேடிப் பிடித்து, காசும் புள்ளியும் கொடுத்துப் படித்தால், அடுத்த கணமே நிற்கும் விதம் மாறும். ஒரு கை, உடம்பு பக்கவாட்டில், வெட்டுக்கு வெட்டு தொடர்ச்சி. டமேஜ் எண் கூடியதைத் தேடிப் பார்க்க வேண்டியதில்லை. ஆள் நிற்பதிலேயே தெரியும். எதிரிகளும் அதேபோல. ஒருவன் எப்படி வாளைப் பிடிக்கிறான் என்று பார்த்தே வம்புக்குப் போவதா, பேசாமல் போவதா என்று முடிவெடுக்கலாம். இவ்வளவு நல்ல விஷயத்தைப் பிறகு வந்த பெரிய கம்பனிகள் ஏன் எடுக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் ஆற்றாமைதான்.

பத்துப் பேர் சுற்றி நின்றாலும் ஒவ்வொருவனாகத்தானே வந்து அடிக்கிறான்? சினிமா மாதிரி இருக்கிறதே.

வேண்டுமென்றே செய்வதுதான். பத்துப் பேரும் ஒன்றாகப் பாய்ந்தால் மூன்று செக்கனில் கதை முடியும். 2012இன் கிங்டம்ஸ் ஒஃப் அமலூர் இதை ஒழுங்காகக் கணக்குப்போட்டுச் செய்த கேம். ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு பாரம் உண்டு. உங்களைச் சுற்றி எவ்வளவு பாரம் நிற்கலாம் என்று ஒரு அளவு, ஒரே நேரத்தில் எவ்வளவு பாரம் அடிக்கலாம் என்று இன்னொரு அளவு. பெரிய பூதம் ஒன்று வந்துவிட்டால் சின்னவர்களுக்கு இடமில்லை, வெளியே வட்டமடிப்பார்கள். இந்த அளவைக் கொஞ்சம் கூட்டினால் யாருடைய ஹெல்த்தையும் தொடாமலே கேம் கஷ்டமாகும். ஸ்கைரிம்காரர்கள் இதைப் பார்த்திருக்கலாம்.

முறை எதுவும் வைக்காத கேமில் விளையாடுகிறீர்கள் என்றால், நீங்களே முறை வையுங்கள்: வாசல், படிக்கட்டு, ஒடுக்கமான பாலம்.

நிஜச் சண்டைக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

எடையில் இல்லை. நிஜமான ஒரு கை வாள் ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும், இரண்டு கை நீளவாள்கூட ஒன்றரைக் கிலோ அளவில். எல்டன் ரிங்கின் கிரேட்சோர்டில் எடை 23 என்று போட்டிருக்கும். என்ன அலகு என்று சொல்லவில்லை, நல்ல வேளை.

தூரத்தில் சம்பந்தம் உண்டு. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் சீனடி, சிலம்படி என்ற சண்டைக் கலைகள் பழகியவர்கள் இருக்கிறார்கள். அப்படியொரு பெரியவர் பேரனைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தார். பேரன் டார்க் சோல்ஸ் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "கையப் பாக்காத, அவன்ட கால் எங்க நிக்கிதுண்டு பாரு" என்றார். கேமில் நான் கண்ட மட்டும் அது அப்படியே பலிக்கிறது. ஆயுதத்தின் நீளத்துக்கு ஒரு அடி வெளியே நிற்கிறவனுக்கு எதிரியின் வெட்டு காற்றில் போகும். வெட்டி முடிந்ததும் ஒரு எட்டு வைத்தால் அடிக்கலாம். உருள வேண்டிய தேவையே பாதியாகக் குறையும்.

நிஜத்துக்குக் கிட்டப் போக முயன்றது 2018இன் கிங்டம் கம்: டெலிவரன்ஸ். அதில் மாயமும் டிராகனும் இல்லை, 1403ஆம் ஆண்டு பொஹீமியா. கொல்லன் மகனான ஹென்றிக்கு வாள் பிடிக்கத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து படிக்க வேண்டும். இரும்புக் கவசக்காரனை வாளால் வெட்டி வேலையில்லை, கதாயுதத்தால் மொத்த வேண்டும். தொடக்க மணித்தியாலங்கள் அருமை. ஆனால் எதிரியின் வெட்டைத் தட்டிவிட்டு அப்படியே திருப்பி அடிக்கும் 'மாஸ்டர் ஸ்ட்ரைக்' படித்த பிறகு, அவன் அடிக்கும்வரை காத்திருப்பதே சண்டை என்றாகிவிடுகிறது. நிஜத்துக்குக் கிட்டப் போனால் சுவாரசியம் தானாக வந்துவிடும் என்றில்லை.

பெரிய மிருகத்தோடு சண்டையில் என்னைக் கொல்வது கமெராதான். என்ன செய்வது?

லொக்கை, அதாவது கமெராவை ஒரு எதிரியின் மேல் பூட்டி வைப்பதை, எடுத்துவிடுங்கள். டிராகனின் தலையில் லொக் போட்டால் அது தலை தூக்கும்போது உங்கள் கமெராவும் வானத்தைப் பார்க்கும், கால் எங்கே வருகிறது என்று தெரியாது. லொக் இல்லாமல் பின்னங்காலுக்குக் கிட்ட நின்று வெட்டுங்கள். டிராகன்ஸ் டொக்மா என்றால் இந்தக் கவலையே வேண்டாம், அதில் மிருகத்தின் மேலேயே ஏறலாம்.

ஈசி மோட் போட்டால் கேவலமா?

யாருக்குக் கேவலம்? ஈசி மோட் இல்லாமல் செகிரோ வந்த 2019இல் இதைப் பற்றி உலகம் முழுக்க அடிபட்டார்கள், என் கடையிலும் அடிபட்டார்கள். எல்டன் ரிங்கின் மெனுவில் ஈசி என்று எழுதவில்லை, ஆனால் உள்ளே பரப்பி வைத்திருக்கிறார்கள்: கூடச் சண்டை பிடிக்கும் ஆவிகள், துணைக்கு வரும் மற்ற ஆட்டக்காரர்கள், தூர நின்று மந்திரம், லெவல் ஏற்றிக்கொண்டு பிறகு வரும் வசதி. 2024 ஜூனில் வந்த விரிவாக்கத்தில் பழைய லெவல் மட்டும் காணாது என்று, அந்தப் பிரதேசத்தில் மட்டும் பலிக்கும் ஆசீர்வாதத் துண்டுகளைத் தேடிச் சேர்க்கவைத்தார்கள். சேர்க்காமல் நேரே பொஸ்ஸிடம் போனவர்கள்தான் அதிகம் கத்தினார்கள்.

ஈசி மோட் வைப்பதென்றால் எப்படி வைப்பது என்பதில்தான் எனக்கு அபிப்பிராயம். 2019இன் ஜெடாய்: ஃபோலன் ஓர்டர், ஒளிவாள் சண்டை கேம், நிலையைத் தெரிவு செய்யும் இடத்திலேயே மூன்று கோடு காட்டும்: அடியைத் தட்டிவிடக் கிடைக்கும் நேரம், நீங்கள் வாங்கும் டமேஜ், எதிரியின் ஆக்ரோஷம். எது மாறுகிறது என்று தெரிந்தே மாற்றுகிறீர்கள். நேரத்தைக் கொஞ்சம் அகட்டிக் கொடுத்தால் புதியவருக்கும் அதே சண்டைதான் கிடைக்கும், படிக்க அவகாசம் கூட. டமேஜை மட்டும் குறைத்தால் எதையும் படிக்காமல் நடந்து போய்விடலாம். கை நடுங்குகிறவர்களுக்கு, கண் மங்கியவர்களுக்கு முதல் வகை பெரிய உதவி.

தம்பி, என்ட மகன் ஒரு கிழமையா ஒரே பேயோட அடிபட்டுக்கொண்டிருக்கிறான். இது நல்லதுக்கா?

உவர்மலையிலிருந்து வந்த அம்மா ஒருவர் கேட்டது. அம்மா, முதலில் வயதைப் பாருங்கள். எல்டன் ரிங்குக்கு ஐரோப்பிய மதிப்பீடு 16 வயதுக்கு மேல். பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்றால் வேறு கேம் தருகிறேன். வயது சரி என்றால், அவனுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் இருந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் சாகிறான் என்றால் படிக்கிறான். அதே அடியில் அதே இடத்தில் சாகிறான் என்றால் களைத்துவிட்டான், நித்திரைக்கு அனுப்புங்கள். இன்னொன்று: சாப்பிடக் கூப்பிட்ட உடனே வராததற்கு அவன் சொல்லும் காரணம் பொய்யில்லை. அந்த கேமில் இடையில் நிறுத்தி வைக்கப் பட்டன் கிடையாது. பொஸ் முடியட்டும், இரண்டு நிமிடம்.

கீபோர்டில் விளையாடலாமா?

கோதிக், மவுன்ட் அன்ட் பிளேட் என்றால் தாராளமாக. மவுன்ட் அன்ட் பிளேடில் மவுஸை இழுக்கும் திசையில்தான் வெட்டு வரும், அதற்கு மவுஸே நல்லது. டார்க் சோல்ஸ், எல்டன் ரிங் போன்ற சோல்ஸ் வகைக்குக் கொன்ட்ரோலர் வாங்குங்கள்.

கோணேசபுரி வளாகத்தில் படிக்கிறேன். சொந்தமாக ஒரு வாள்சண்டை கேம் செய்ய ஆசை. எதில் தொடங்குவது?

கேம் செய்யும் மென்பொருளான கோடோட் இலவசம், சாதாரண லெப்டொப்பிலும் ஓடும். ஆளுக்கு உருவம் வரையாதீர்கள். இரண்டு சாம்பல் பெட்டி, ஒன்றின் கையில் ஒரு நீளக் கட்டை. அந்த இரண்டு பெட்டி அடிபடுவது சுவாரசியமாக வரும்வரை வேறெதையும் தொட வேண்டாம்.

உங்கள் ஆளின் லேசான வெட்டு ஓங்குவதற்கு 0.2 இலிருந்து 0.3 செக்கன். எதிரியின் அடிக்குக் குறைந்தது அரைச் செக்கன். கால் செக்கனுக்குக் கீழே போனால் பார்த்துத் தப்ப முடியாது, ஊகிக்கத்தான் முடியும். வெட்டுப் படும் கணத்தில் இரண்டு பேரையும் மூன்று நாலு ஃபிரேம் உறையவையுங்கள். இது இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய வாளும் கடதாசி வாள்தான். போட்ட உடனே எடை வந்துவிடும். சத்தத்தை அதே ஃபிரேமில் வையுங்கள். உங்கள் ஆளின் ஆயுதத்துக்கு ஹிட்பொக்ஸ், அதாவது அடி பட்டதாகக் கணக்கெடுக்கும் இடம், பார்வைக்குச் சற்றுப் பெரிதாக, எதிரியின் ஆயுதத்துக்குச் சற்றுச் சிறிதாக. விளையாடுகிறவர் இதைக் கண்டுபிடிக்க மாட்டார், கேம் நியாயமாக இருக்கிறது என்று மட்டும் சொல்வார்.

ஹெல்த் எண்களைக் கடைசியில் போடுங்கள். முதலே போட்டால், சண்டை நன்றாக இல்லாத ஒவ்வொரு முறையும் அந்த எண்ணைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். முடிந்ததும் கொண்டு வாருங்கள், கடைப் பொடியன்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். அவர்கள் ஈவிரக்கம் பார்க்க மாட்டார்கள்.

பொஸ் சண்டையின் நடுவில் கரண்ட் போனால்?

எல்டன் ரிங் வந்து ஒரு மாதத்தில், 2022 மார்ச் கடைசியில், நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டினார்கள். அந்தக் காலத்தில் தினமும் கேட்ட கேள்வி, இப்போதும் மழைக் காலத்தில் கேட்கிறார்கள். சோல்ஸ் வகைக் கேம்கள் நீங்கள் கேட்காமலே அடிக்கடி சேவ் செய்துகொண்டிருக்கும், ஆகவே பெரிதாக ஒன்றும் இழக்கமாட்டீர்கள். திரும்ப வந்தால் பொஸ் வாசலுக்கு வெளியே நிற்பீர்கள். பயப்பட வேண்டியது சேவ் எழுதிக்கொண்டிருக்கும் கணத்திலேயே கரண்ட் போய் அந்தக் கோப்பு பழுதாவதற்கு. கணினியில் விளையாடுகிறவர்கள் அப்டேட்டா (AppData), அதற்குள் ரோமிங் (Roaming), அதற்குள் எல்டன் ரிங் (EldenRing) என்ற பெயரில் இருக்கும் கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவில் கொப்பி எடுத்து வையுங்கள். யூ.பி.எஸ். இருந்தால் கணினியை மட்டும் அதில் மாட்டாமல் மொனிட்டரையும் மாட்டுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போனால், கேம் சேவ் ஆகி மூடும்வரை மார்கிட்டோடு நீங்கள் கண்ணை மூடிக்கொண்டுதான் சண்டை பிடிக்க வேண்டும்.